ஒழுங்காக ஏறிய வண்டி

பாஞ்சாலைக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிள்கூட மிதித்ததில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அவள் வீட்டுக்குப் போகிறவர்கள் வாசலில் நின்று கூப்பிட வேண்டியதில்லை. நேரே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளலாம். தொலைக்காட்சியில் ‘வண்டியும் நாமும்’ ஓடிக்கொண்டிருக்கும். அந்த அரை மணி நேரம் அங்கே யாரும் யாரையும் வா என்று சொல்ல மாட்டார்கள்.

புதிதாக விற்பனைக்கு வந்த கார், வேன், ஜீப் எதையாவது ஓட்டிக் காட்டுகிற நிகழ்ச்சி அது. ஓட்டுபவர் பெயர் சிவசங்கர். கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். வண்டியை ஏரித் தண்ணீரில் இறக்குவார். சேற்றில் சுற்றுவார். எருமையோடு பந்தயம் விடுவார், எருமை ஜெயிக்கும். பாஞ்சாலையின் கணவன் கோபால்சாமிக்கு இந்த இடங்கள்தான் பிடிக்கும். பாஞ்சாலைக்குப் பிடித்தது கடைசியில் வரும் அட்டவணை. எஞ்சினின் பலம், எத்தனை பேர் உட்காரலாம், தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்பதெல்லாம் அதில் இருக்கும். வந்த வேகத்தில் அது போய்விடும். அவள் கைப்பேசியைத் தயாராகப் பிடித்துக்கொண்டு அதைப் படம் எடுப்பாள். பாதி நாள் கோபால்சாமியின் தலை மறைத்துவிடும்.

“தலைய அப்பால எடு மாமா.”

“அந்தக் கணக்கப் பாத்து நீ இன்னா லாரி செய்யப் போறியா?”

“அவன் ஏரில இறங்கறதப் பாத்து நீ இன்னா நீச்சல் கத்துக்கப் போறியா?”

“நான் சிரிக்கறேன். ஆறு நாளு கொல்லையில குனிஞ்சி கெடக்கறேன். ஏழாம் நாளு ஒருத்தன் வந்து சேத்துல வுழுந்து சிரிக்க வெக்கறான். அவன் நல்லா இருக்கட்டும்.”

பாஞ்சாலை அப்படி நினைப்பவள் அல்ல. திரையில் ஒன்று வந்தால் அது எதையாவது சொல்லிக்கொடுக்க வேண்டும். இதற்கு அவளிடம் காரணம் இருந்தது.

சிறுநெல்லிப்பட்டு ஜவ்வாது மலையில் ஒரு பள்ளத்துக்குள் இருக்கிற ஊர். சுற்றிலும் சாமைக் கொல்லைகள், புளிய மரங்கள், பலா. பாஞ்சாலை அங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். எட்டாவது வரை உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தவள் என்பதால், மகளிர் குழு தொடங்கியபோது அவளைத் தலைவியாக்கினார்கள். குழுவுக்குச் சாமை உமி நீக்கும் இயந்திரம் ஒன்று வந்தது. வந்த மாதமே அதன் பெல்ட் கழன்று கழன்று விழுந்தது. செங்கத்திலிருந்து மெக்கானிக் வர வேண்டும். அவர் இதோ வருகிறேன் என்று சொல்வதோடு சரி. பாஞ்சாலை கைப்பேசியில் தேடினாள். எங்கோ ஓர் ஊரில் ஒரு மனிதர் அதே மாதிரி இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், பெல்ட்டை மாட்டிக் காட்டினார். அவர் முகம்கூட வீடியோவில் இல்லை. கைகள் மட்டும். அவள் பார்த்துப் பார்த்து மாட்டினாள். பெல்ட் அதற்குப் பிறகு கழலவில்லை. பேசாமல் சொல்லிக்கொடுத்த அந்தக் கைகள்மேல் அவளுக்கு இன்றும் மரியாதை உண்டு.

இப்போது குழு வண்டி வாங்கப் போகிறது. வங்கியில் கடன் தேறிவிட்டது. எந்த வண்டி என்று பாஞ்சாலை சொல்ல வேண்டும். குழுவில் மற்றவர்கள் அதை அவளிடமே விட்டுவிட்டார்கள். “நீதான் டிவி பாக்கற” என்றார்கள்.

இரண்டு வண்டிகள் கணக்கில் வந்தன. நிறுவனங்கள் வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. ஒன்று குட்டை வண்டி, மற்றது நீட்டு வண்டி. குட்டை வண்டிக்கு நான்கு சக்கரத்திலும் இழுவை உண்டு. எந்த மேட்டிலும் ஏறும். ஆனால் குழுவில் பாதிப் பேர்தான் உட்கார முடியும். பின்பக்கம் திறந்தது, மேலே படுதா. நீட்டு வண்டியில் பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு. குழுவின் பதினொரு பெண்களும் உட்காரலாம், தலைக்குமேல் கேரியரில் மூட்டைகளும் போகும். ஆனால் இழுவை பின் சக்கரம் இரண்டில் மட்டும்.

குட்டை வண்டி என்றால் மேல்கொட்டாய்ப் பெண்களுக்கு இடம் இருக்காது. மேல்கொட்டாய் ஊரிலிருந்து கொஞ்சம் ஒதுங்கி, காட்டை ஒட்டி இருக்கிறது. இப்போதே, வாடகைக்கு ஓடும் விஜயராஜின் பழைய ஜீப்பில் கீழ் ஊர்க்காரர்கள் ஏறியதும் நிறைந்துவிடும். ஆலங்காயம் சந்தைக்குப் போக முடியாத மேல்கொட்டாய்ப் பெண்கள், வீடு தேடி வருகிற வியாபாரிக்கு அவர் கேட்ட விலைக்கே சாமையையும் புளியையும் போட்டுவிடுவார்கள். விஜயராஜின் அக்கா ரேணுகாதேவி மேல்கொட்டாயில் வாழ்க்கைப்பட்டவள். தம்பி ஓட்டுகிற ஜீப்பில் அவளுக்கே இடம் கிடைத்ததில்லை.

நீட்டு வண்டி வேடியப்பன் வளைவில் ஏறுமா? கேள்வி அவ்வளவுதான். பள்ளத்திலிருந்து ஜமுனாமரத்தூர்த் தார்ச்சாலைக்கு ஏறுகிற மண் பாதையில், ஊர்ச்சாமி வேடியப்பனின் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு வளைவு. செங்குத்து. கீழே சிறு கற்கள் கொட்டிக் கிடக்கும். வேறு வழி ஊருக்குக் கிடையாது.

வாணியம்பாடியில் வண்டி விற்கிற இடத்துக்குப் பாஞ்சாலையும் ரேணுகாதேவியும், குழு வண்டியை ஓட்டப்போகிற விஜயராஜும் போய், மேட்டில் ஓட்டிப் பார்க்க நீட்டு வண்டியைக் கேட்டார்கள். மலைக்கெல்லாம் வண்டியைத் தர முடியாது, வேண்டுமானால் பைபாஸில் ஒரு சுற்று வரலாம் என்றார்கள். வந்தார்கள். கட்டிலில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. இறங்கியதும் பாஞ்சாலை விஜயராஜைப் பார்த்தாள்.

“ஏறுமா?”

“ஏறும்னும் சொல்ல மாட்டேன், ஏறாதுன்னும் சொல்ல மாட்டேங்கா.”

“இதச் சொல்லவா உன்ன பஸ்ல டிக்கெட் எடுத்துக் கூட்டிக்கினு வந்தோம்?” என்றாள் ரேணுகாதேவி.

அந்த ஞாயிற்றுக்கிழமை ‘வண்டியும் நாமும்’ நிகழ்ச்சியில் நீட்டு வண்டியே வந்தது. பாஞ்சாலை எல்லோரையும் அதட்டி உட்காரவைத்தாள். சிவசங்கர் வண்டியைக் கடற்கரைச் சாலையில் ஓட்டினார். பின்னால் பெஞ்சில் நண்பர்களை உட்காரவைத்து நடுவில் பிரியாணி அண்டாவை வைத்தார். வண்டி வளைந்து வளைந்து ஓட, அவர்கள் கொட்டாமல் சாப்பிட வேண்டும். ஒருவர் மடியில் முட்டை விழுந்தது. கோபால்சாமி சிரித்துச் சிரித்து இருமினான். நிகழ்ச்சி முடிந்தது. மேடு வரவே இல்லை.

பாஞ்சாலை கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நிகழ்ச்சியின் அடியில் ஓடும் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாள்.

“வணக்கங்க. ஜவ்வாது மலையிலருந்து பாஞ்சாலை பேசறேன். உங்க புரோகிராம் விடாம பாக்கறேங்க. இன்னிக்கு நீட்டு வண்டியில பிரியாணி சாப்ட்டீங்க. நல்லாத்தான் சாப்ட்டீங்க. ஆனா பதினோரு பொம்பளைங்கள ஏத்திக்கினு அது மேடு ஏறுமான்னு நீங்க சொல்லவே இல்ல. எங்களுக்கு அதாங்க வேணும். பிரியாணி எங்க உக்காந்து வேணா சாப்டலாங்க. வெச்சிடறேன்.”

பின்னால் வந்து நின்றிருந்த கோபால்சாமி, “அவன் கோவிச்சிக்கினு புரோகிராமையே நிறுத்திட்டா இன்னா பண்ணுவ?” என்றான்.

“நிறுத்தட்டும். உனக்கு எருமை கெடைக்காது, அவ்ளோதான்.”

யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. நிகழ்ச்சியை இயக்குகிற பிரியதர்ஷினி என்ற பெண் இரண்டாம் நாள் கூப்பிட்டாள். “உங்க வாய்ஸ நாங்க ஆபீஸ்ல எல்லாரும் உக்காந்து கேட்டோம்மா. வண்டியோட உங்க ஊருக்கே வர்றோம். நீங்க கேட்டதையே செஞ்சு பாத்துடலாம்” என்றாள்.

பாஞ்சாலை கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, அடுப்பில் இருந்ததை இறக்கிவைத்துவிட்டு, ரேணுகாதேவியிடம் சொல்ல மேல்கொட்டாய்க்கு நடந்தாள்.

அவர்கள் இரண்டு வண்டிகளில் இறங்கி வந்தார்கள். நீட்டு வண்டியைச் சிவசங்கர் ஓட்டிவந்தார். கேமரா பெட்டிகள் பின்னால் ஒரு குட்டை வண்டியில் வந்தன. ஏதாவது ஆனால் இழுத்துக்கொள்ள அதன் முன்னால் கயிறு சுற்றி வைத்திருந்தார்கள். சிவசங்கர் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வேறு ஆளாக இருந்தார். காதோரம் நரைத்திருந்தது. பாஞ்சாலை கொடுத்த சாமைக் கஞ்சியைக் குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டார்.

“நீங்க எந்த ஊருங்க?” என்றாள் பாஞ்சாலை.

“கண்ணமங்கலம்மா.”

“அப்ப நம்ம பக்கந்தான். மலைன்னா இன்னான்னு தெரியுமில்ல. அப்புறம் ஏன் சார் ஏரியிலயே இறக்கறீங்க?”

“தெரியும்மா. மொத வருசம் எல்லாத்தையும் சொல்லித்தான் பாத்தேன். டயரு, பிரேக்கு, எத்தினி ஏத்தலாம், எங்க ஏத்தக்கூடாது. எங்க வூட்லயே எங்கம்மா தூங்கிட்டாங்க.”

கோபால்சாமி இதைக் கேட்டுச் சந்தோஷமாகத் தலையாட்டினான். “நீங்க ஏரிலயே இறக்குங்க சார்.”

“நீ சும்மா இரு மாமா.”

முதலில் பெண்கள் மட்டும், பிறகு மூட்டைகளோடு ஒருமுறை என்று பிரியதர்ஷினி முடிவு செய்தாள். பதினொரு பேரும் நல்ல புடவை கட்டியிருந்தார்கள். மற்றவர்கள் உள்ளே ஏறியதும், ரேணுகாதேவியும் கடைசியாகப் பாஞ்சாலையும் பின்கதவு ஓரம் உட்கார்ந்தார்கள். வழி சொல்ல விஜயராஜ் முன்னால் உட்கார்ந்தான். கேமராக்காரர்கள் வளைவில் காத்திருந்தார்கள். ஒருவர் மேலே பாறையில், ஒருவர் கல்லுக்குக் கீழே, சக்கர மட்டத்தில் படுத்துக்கொண்டு.

வண்டி புறப்பட்டது. ஆற்றுப்படுகை போன்ற இடத்தைத் தாண்டியது. முதல் மேட்டைத் தாண்டியது. வளைவு தொடங்கியது. பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். எஞ்சின் சத்தம் கனத்தது. வேடியப்பன் கல் தெரிந்தது. சிவசங்கர் கியரை மாற்றினார். வண்டி ஒரு மூச்சு மெதுவானது.

பின்கதவு திறந்தது. திறந்தது பாஞ்சாலை. இறங்கினாள். அவள் பின்னால் ரேணுகாதேவி இறங்கினாள். ஒருவர் கையை ஒருவர் பிடித்து, புடவையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, அவசரமில்லாமல், பதினொரு பேரும் இறங்கி ஓரமாக நடந்தார்கள். கல்லைத் தாண்டும்போது கும்பிட்டார்கள்.

வண்டியின் பின்சக்கரங்கள் சுழன்றன. கற்கள் தெறித்தன. பின்பக்கம் இடதும் வலதுமாக ஆடியது. வண்டி கொஞ்சம் பின்னால் சறுக்கி, எஞ்சின் நின்றது.

சிவசங்கர் கண்ணாடியில் பார்த்தார்.

“எங்க எல்லாரும்?”

“இறங்கிட்டாங்க சார்” என்றான் விஜயராஜ்.

“ஏன்?”

“இங்க இறங்குவாங்க சார்.”

நடந்துபோனவர்களில் யாருக்கும் இன்னும் தெரியவில்லை. பாறைமேல் இருந்த கேமராக்காரர் தோள் குலுங்கச் சிரிப்பதைப் பார்த்து, பாஞ்சாலை திரும்பினாள். காலி வண்டியைப் பார்த்தாள். தன் காலைப் பார்த்தாள். புடவையைக் கையிலிருந்து விட்டாள்.

“அடப் பாவமே. எறங்கிட்டமா?”

அந்த வளைவில் எல்லோரும் இறங்கி நடந்து, மேலே போய் ஏறிக்கொள்வது வழக்கம். முதல் ஜீப் வந்த காலத்திலிருந்து அப்படித்தான். ஜீப்பால் ஆட்களோடு ஏற முடியவில்லை, அதனால் டிரைவர் இறங்கச் சொன்னார், இறங்கியவர்கள் சும்மா போகாமல் வேடியப்பனைக் கும்பிட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். வேடியப்பன் முன்னால் உட்கார்ந்தபடி போகக் கூடாது, அதனால்தான் இறங்குகிறோம் என்று சிலர் சொல்வார்கள். இரண்டும் கலந்து நாளாகிவிட்டது. ஊரில் பிறந்த குழந்தைகூட அந்த இடம் வந்தால் மடியிலிருந்து இறங்கும். முதல் ஜீப்புக்குப் பிறகு, அந்த மேட்டில் ஆட்களோடு ஒரு வண்டி ஏறுமா என்று யாரும் பார்த்ததில்லை.

“இன்னொரு தடவ போலாம். இந்தத் தடவ யாரும் இறங்கக் கூடாது” என்றாள் பிரியதர்ஷினி.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “உக்காந்துக்கினேவா?” என்றாள் ஒருத்தி. “அவுரு முன்னாலயா?” என்றாள் இன்னொருத்தி. பாஞ்சாலை அவர்களுக்குச் சமாதானம் சொல்லத் தொடங்கினாள். பேச்சு முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கேமராக்களைத் துணியால் மூடிக்கொண்டு ஓடினார்கள். பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஊருக்குள் இறங்கினார்கள்.

“பரவால்லம்மா, வேண்டியது கெடச்சிடுச்சு” என்று பிரியதர்ஷினி பின்னாலிருந்து கத்திச் சொன்னாள்.

தனக்கு வேண்டியதும் கிடைத்துவிட்டது என்றுதான் பாஞ்சாலை நினைத்தாள். காலி வண்டியே ஏறவில்லை, ஆட்களோடு எங்கே ஏறப்போகிறது.

வாரக்கடைசியில் குழு கூடியது. பாஞ்சாலை, “குட்டை வண்டியே எடுத்துக்கலாம்” என்றாள். சொல்லும்போது மேல்கொட்டாய்ப் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்க்கவில்லை. ரேணுகாதேவிதான் பேசினாள்.

“எடுங்கக்கா. நாங்க அடுத்த நடையில வர்றோம்.”

சந்தைக்கு அடுத்த நடை கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். கையெழுத்தை அடுத்த கூட்டத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று பாஞ்சாலை எழுந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்க அவள் வீட்டில் இருந்தது. இடமில்லாதவர்கள் ஜன்னலில் நின்றார்கள். நிகழ்ச்சி தொடங்கியது. சாமைக் கஞ்சி வந்தது. மலை வந்தது. வண்டி ஏறியது. பின்கதவு திறந்தது. அந்த இடத்தில் அவர்கள் படத்தை மெதுவாக்கியிருந்தார்கள். பாஞ்சாலை மகாராணிபோலக் காலை எடுத்துக் கீழே வைத்தாள். பின்னணியில் நாதஸ்வரம். ஒருவர் பின் ஒருவராகப் பதினொரு பேரும் மெதுவாக, மிக மெதுவாக இறங்கினார்கள். பிறகு சக்கர மட்டத்திலிருந்து அதையே மீண்டும் காட்டினார்கள். பிறகு பாறைமேலிருந்து. “எங்க எல்லாரும்?” “இறங்கிட்டாங்க சார்.” “ஏன்?” “இங்க இறங்குவாங்க சார்.”

வீடு இடிந்துவிடும்போல் சிரித்தார்கள். பாஞ்சாலை முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நாதஸ்வரம் மூன்றாம் முறை வந்தபோது அவளுக்கும் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே, “ஏறுச்சா இல்லியான்னு கடேசி வரைக்கும் சொல்லவே இல்ல பாரு” என்றாள். யார் காதிலும் விழவில்லை.

அந்தத் துண்டு கைப்பேசிகளில் சுற்றியது. ஆலங்காயம் சந்தையில் வெங்காயக் கடைக்காரர், “வாங்க, இறங்கற அக்கா” என்றார். அவளுக்குக் கோபம் வரவில்லை. அன்றைக்கு அவர் நல்ல வெங்காயமாகப் பொறுக்கிப் போட்டார்.

கோபால்சாமிக்கு அது போதவில்லை. கொல்லையில் நிழலில் உட்காரும்போது பார்த்தான். சாப்பிடும்போது தட்டுக்கு எதிரே சொம்பில் கைப்பேசியைச் சாய்த்துவைத்துப் பார்த்தான். நாதஸ்வரம் வரும் இடத்தில் எல்லாம் பாஞ்சாலையைத் திரும்பிப் பார்த்தான். நாலைந்து நாளில் சிரிப்பு தீர்ந்துவிட்டது. ஆனாலும் பார்த்தான். பழக்கமாகிவிட்டது.

“பாஞ்சால, இங்க வா.”

“நூறு வாட்டி பாத்தாச்சி. வுடு மாமா.”

“உன்னப் பாக்கச் சொல்லல. சக்கரத்தப் பாரு.”

அவள் வந்தாள். சக்கர மட்டத்திலிருந்து எடுத்த காட்சி அது. கோபால்சாமி விரலை வைத்து நிறுத்தினான்.

“நீங்க உள்ள இருக்கறீங்க. மேட்டுல பாதி வந்தாச்சி. கல்லு தெறிக்குதா?”

“இல்ல.”

“சரி. இப்ப நீ இறங்கற.” விரலை எடுத்தான். நாதஸ்வரம் வந்தது. “ரேணுகா இறங்குது. இன்னும் தெறிக்கல. இதோ இவங்க ரெண்டு பேரு. இப்ப நம்ம குழுவிலயே நல்லா சாப்புடறவங்க இறங்கறாங்க. பாரு.”

ஒரு கல் தெறித்தது. பிறகு இரண்டு. கடைசிப் பெண் இறங்கிக் கையை விட்டதும் சக்கரம் சுற்றியடித்தது.

பாஞ்சாலை கைப்பேசியை வாங்கித் தானே பார்த்தாள். மீண்டும் பார்த்தாள். பெஞ்சு இருப்பது பின்சக்கரத்துக்கு மேலே. உட்கார்ந்திருந்தவர்கள் சக்கரத்தைத் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தார்கள். இறங்கியதும் அழுத்த ஆளில்லை.

“நாங்க இறங்கினதாலதான் வழுக்கிச்சா?”

“நானு சொல்லலப்பா. டிவில சொல்றான்” என்றான் கோபால்சாமி.

 அவளுக்கு வேறொன்றும் தோன்றியது. அன்றைக்கு மழையில் டிவிக்காரர்கள் எப்படித் திரும்பிப் போனார்கள்? ஊருக்கு வேறு வழி இல்லை. குட்டை வண்டி கயிறு கட்டி இழுத்திருக்கும் என்று ஊரே நினைத்துக்கொண்டது. யாரும் போய்ப் பார்க்கவில்லை.

பிரியதர்ஷினியைக் கூப்பிட்டாள்.

“மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நீட்டு வண்டியக் கயிறு கட்டித்தான் இழுத்தீங்களா?”

“இல்லியேம்மா. குட்டை வண்டியில படுதா ஒழுகிச்சு. பெட்டியெல்லாம் நனைஞ்சிடும்னு எல்லாத்தையும் நீட்டு வண்டியில போட்டு, நாங்களும் அதுலயே அடைச்சுக்கிட்டு உக்காந்தோம். ஜமுனாமரத்தூர் வரைக்கும் அப்படியேதான் போனோம்.”

“அந்த வளைவுல?”

“ஏறுச்சு.”

“வழுக்கலியா?”

“எனக்கு ஞாபகமே இல்லம்மா. சிவசங்கர் பாட்டுப் பாடிக்கிட்டு வந்தாரு.”

“அதக் கொஞ்சம் காட்டியிருக்கலாமில்ல மேடம். அதுக்குத்தான உங்கள வரச் சொன்னேன்.”



“கேமராவெல்லாம் பெட்டிக்குள்ள இருந்திச்சும்மா” என்றாள் பிரியதர்ஷினி. “வெளிய இருந்திருந்தாலும் எடுத்திருப்போமான்னு தெரியல. வண்டி ஒழுங்கா ஏறினா அதுல காட்ட ஒண்ணும் இல்லியே. ஸாரிம்மா. உங்களுக்கு அது எவ்ளோ முக்கியம்னு நாங்க யோசிக்கல.”

“அய்ய, வுடுங்க. ஊரே சிரிச்சிச்சி” என்றாள் பாஞ்சாலை. அவள் மனதில் இருந்ததும் அதுதான். சிரித்திராவிட்டால் இந்த மனுஷன் இத்தனை முறை பார்த்திருக்க மாட்டான். அதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த ஞாயிறு தலையை நகர்த்தவே மாட்டான்.

குழு மறுபடி கூடியது. பாஞ்சாலை கைப்பேசியை நடுவில் வைத்து, விரலால் நிறுத்தி நிறுத்திக் காட்டினாள். விஜயராஜ் குனிந்து பார்த்துவிட்டு, “அட ஆமாங்கா” என்றான். குண்டாக இருந்த இரண்டு பெண்களை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“இனிமே நீங்க ரெண்டு பேரும் லீவு போடக் கூடாது” என்றாள் ரேணுகாதேவி. “வண்டி உங்களத்தான் நம்பி கீது.”

“எங்களுக்குத் தனியா சம்பளம் குடு” என்றாள் அவர்களில் ஒருத்தி.

நீட்டு வண்டி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். வேடியப்பனைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் நடந்தே போய் அவருக்குச் சூடம் ஏற்றிவிடுவது, சந்தை நாளில் வண்டியிலிருந்தபடி கும்பிடுவது என்று முடிவாயிற்று. ஒருத்தி மட்டும், தான் எப்போதும்போல் இறங்கித்தான் நடப்பேன் என்றாள். அவள் ஒல்லி. அவள் இறங்குவதால் ஒன்றும் ஆகாது என்று விஜயராஜ் சொன்னான்.

வண்டி வந்தது. முதல் சந்தை நாள் காலையில் மேல்கொட்டாய்வரை போய் அங்கிருந்தே ஏற்றிக்கொண்டு வந்தார்கள். உள்ளே இடத்துக்குக் கொஞ்சம் தள்ளுமுள்ளு நடந்தது. பாஞ்சாலையைக் கதவோரம் உட்கார விடவில்லை. உள்ளே, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தள்ளி, அவள் கதவைத் தொட முடியாதபடி பக்கத்திலும் எதிரிலும் ஆட்கள் உட்கார்ந்தார்கள்.

வளைவு தொடங்கியதும் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். கல் அருகே வந்தபோது பலருடைய இடுப்பு தானாகப் பெஞ்சைவிட்டு எழுந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் இழுத்து உட்காரவைத்தார்கள். ஒல்லியானவள் சொன்னபடி இறங்கினாள். விஜயராஜ் முதல் கியரில், ஆக்ஸிலரேட்டரை அசைக்காமல் வைத்திருந்தான். எஞ்சின் ஒரே சுதியில் முனகியது. கீழே கற்கள் நசுங்குகிற சத்தம் கேட்டது, தெறிக்கிற சத்தம் இல்லை. வேடியப்பன் ஜன்னலில் வந்து, நின்று, பின்னால் போனார்.

மேலே தார்ச்சாலைக்கு வந்து, ஒல்லியானவளுக்காக நிறுத்தினார்கள்.

“அவ்ளோதானா?” என்றாள் ரேணுகாதேவி.

“அவ்ளோதான்” என்றாள் பாஞ்சாலை.

ஒல்லியானவள் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். ஏற்றி உட்காரவைத்தார்கள். விஜயராஜ் இறங்கி, கேரியரில் மேல்கொட்டாய்ப் புளி மூட்டைகளைக் கட்டிய கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். சரியாக இருந்தது. ஆலங்காயம் பக்கம் வண்டியைத் திருப்பினான்.